வீட்டில் செய்த கரண்ட் மீட்டர் தப்பாகக் காட்டுகிறதா?

கம்ப்யூட்டர் புதிதாக வந்த வீடுகளில் இரண்டு மாதம் கழித்து ஒரு கேள்வி எழும். "இது வந்த பிறகுதானே கரண்ட் பில் கூடியிருக்கிறது?" என்று அப்பாவோ மாமியாரோ கேட்பார்கள். பதில் சொல்ல வழி தேடும் பலர் ஓர் அர்டினோ போர்டும் ஒரு கிளாம்ப் சென்சாரும் வாங்கி, யூ.எஸ்.பி. வழியாகக் கம்ப்யூட்டரில் இணைத்து, வீட்டின் மின் செலவைத் திரையில் பார்க்க ஆரம்பிக்கிறார்கள். இணைப்பது அரை நாள் வேலை. தலைவலி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. எல்லா ஸ்விட்சையும் ஆஃப் செய்தாலும் 35 வாட் என்கிறது. கம்ப்யூட்டரை மட்டும் ஓட விட்டால் 160 வாட் என்று பயமுறுத்துகிறது. ஈ.பி. மீட்டரில் 8 யூனிட் ஓடிய நாளில் இது 7 யூனிட் என்று சாதிக்கிறது.

உடனே பெரும்பாலோர் செய்வது என்ன? புரோகிராமைத் திறந்து, அதில் இருக்கும் கேலிப்ரேஷன் எண்ணைக் கூட்டிக் குறைத்து, ஈ.பி. மீட்டரோடு ஒத்துப்போக வைப்பார்கள். இன்று ஒத்துப்போகும். நாளை மீண்டும் விலகும். அந்த எண் ஒரே ஒரு வகைப் பிழையை மட்டும்தான் சரி செய்யும். இந்தக் கருவியில் பிழை நான்கைந்து இடங்களிலிருந்து வரலாம். எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் அந்த எண்ணில் கை வைக்க வேண்டும்.

பத்து சதவீதம் முன்னே பின்னே இருந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தைப் பாருங்கள். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் நின்ற வீட்டுக்கு 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகள் ஒவ்வொன்றும் 2 ரூபாய் 25 காசு. 500-ஐத் தாண்டினால் அதே நூறு யூனிட்டுக்கும் 4 ரூபாய் 50 காசு. அதாவது 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட் 233 ரூபாய்! 2024 ஜூலையில் ரேட் மேலும் கூடியது. உங்கள் கருவி 8 சதவீதம் குறைத்துக் காட்டினால், ஈ.பி. மீட்டர் 510 தொட்டிருக்கும்போது நீங்கள் 469 என்று நம்பி நிம்மதியாக ஏ.சி. போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

கை வைக்கும் முன் ஒரு எச்சரிக்கை. ஈ.பி. மீட்டரின் சீலைத் தொடவே கூடாது. மீட்டரைத் திறப்பதும் அதில் கை வைப்பதும் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி குற்றம். நாம் மீட்டரைப் பார்க்க மட்டும்தான் போகிறோம். மெயின் போர்டைத் திறந்து சென்சாரை மாட்டும் வேலைக்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இது எப்படி வேலை செய்கிறது?

பலரும் வாங்குவது எஸ்.சி.டி. 013-000 என்ற கிளாம்ப். வயரில் 100 ஆம்பியர் ஓடினால் இது 50 மில்லி ஆம்பியர் கொடுக்கும். அதாவது இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அந்தச் சின்ன மின்னோட்டம் 33 ஓம் ரெசிஸ்டர் வழியாகப் போகும்போது வோல்டேஜ் ஆக மாறுகிறது. அர்டினோ அந்த வோல்டேஜை அளந்து, ஆம்பியரைக் கணக்கிட்டு, 230-ஆல் பெருக்கி வாட் என்று காட்டுகிறது. 2000-ஐ 33-ஆல் வகுத்தால் 60.6. இதுதான் அந்தக் கேலிப்ரேஷன் எண். வேல்ஸ் நாட்டில் தொடங்கிய ஓப்பன் எனர்ஜி மானிட்டர் திட்டத்தின் இலவச புரோகிராமை எடுத்தவர்கள் அதில் 111.1 என்று இருப்பதைப் பார்க்கலாம். அது 18 ஓம் ரெசிஸ்டருக்கான எண். உங்களிடம் இருப்பது 33 ஓம் என்றால் கருவி கிட்டத்தட்ட இரு மடங்கு காட்டும். அமெரிக்கர்கள் எழுதிய புரோகிராம் என்றால் வோல்டேஜ் 120 என்று இருக்கும். அப்போது பாதிதான் காட்டும். இரு மடங்கு, பாதி என்ற அளவில் பிழை இருந்தால் முதலில் இந்த இரண்டு எண்களைப் பாருங்கள்.

கிளாம்பை எந்த வயரில் மாட்டினார்கள் என்பதும் முக்கியம். பேஸ் வயர், நியூட்ரல் வயர் இரண்டையும் சேர்த்து கிளாம்புக்குள் விட்டால் ரீடிங் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். ஒன்றில் போகும் மின்னோட்டம் இன்னொன்றில் திரும்புகிறது, இரண்டின் காந்த விளைவும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஏதாவது ஒரு வயர்தான் உள்ளே இருக்க வேண்டும். கிளாம்ப் 'கிளிக்' என்று முழுதாக மூட வேண்டும். இடையில் தூசி இருந்தாலே ரீடிங் குறையும். மூன்று பேஸ் இணைப்பு உள்ள வீட்டில் ஒரு கிளாம்ப் போட்டால் ஒரு பேஸின் செலவு மட்டும்தான் தெரியும்; மூன்று கிளாம்ப் வேண்டும். இன்வெர்ட்டர் இருக்கும் வீடுகளில், அதற்கு முன்னால் மெயின் வயரில் மாட்டினால்தான் பேட்டரி சார்ஜ் ஆகும் செலவும் கணக்கில் வரும்.

ஒப்பிட ஒரு நல்ல அளவுகோல்

மல்டிமீட்டர் வாங்க ஓடாதீர்கள். மலிவான மல்டிமீட்டர்கள் கம்ப்யூட்டர் போன்ற கருவிகளின் மின்னோட்டத்தைக் குறைத்தே காட்டும். உங்கள் வீட்டு வாசலில் அதைவிட நல்ல கருவி ஒன்று இலவசமாகத் தொங்குகிறது. எலக்ட்ரானிக் ஈ.பி. மீட்டரின் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். அதன் அருகே 'இம்ப் / கே.டபிள்யூ.எச்.' என்ற ஆங்கில எழுத்துகளோடு 3200 என்றோ 1600 என்றோ ஓர் எண் அச்சாகியிருக்கும். 3200 என்றால் அந்த விளக்கு 3200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட். சில மீட்டர்களில் இரண்டு விளக்கு இருக்கும். யூனிட்டுக்கான விளக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு யூனிட் என்பது 36 லட்சம் வாட்-விநாடி. அதை 3200-ஆல் வகுத்தால் 1125. ஆக, இரண்டு சிமிட்டலுக்கு நடுவே எத்தனை விநாடி என்று பார்த்து, 1125-ஐ அதனால் வகுத்தால் அந்த நேரத்தில் வீடு இழுக்கும் வாட் கிடைத்துவிடும். உங்கள் மீட்டரில் வேறு எண் இருந்தால் 36 லட்சத்தை அந்த எண்ணால் வகுத்துக்கொள்ளுங்கள். செல்போனில் வீடியோ எடுத்துப் பார்த்தால் விநாடிக் கணக்கு துல்லியமாக வரும். பத்து இடைவெளிகளை எண்ணிச் சராசரி எடுங்கள். முதல் சிமிட்டலைப் பூஜ்யம் என்று எண்ணத் தொடங்குவது அவசியம். ஒன்று என்று ஆரம்பித்தால் பத்து சதவீதம் அங்கேயே போய்விடும்.

இனி மூன்று சோதனைகள். ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர், வைஃபை மோடம் உட்பட எல்லாவற்றையும் பத்து நிமிடம் நிறுத்துங்கள். அர்டினோவுக்கு லேப்டாப்பை சார்ஜர் இல்லாமல் பேட்டரியில் ஓடவிட்டு யூ.எஸ்.பி. கொடுங்கள்.

சோதனை ஒன்று: எதுவும் ஓடாதபோது

ஈ.பி. மீட்டர் சிமிட்டவில்லை. உங்கள் கருவியோ 35 வாட் என்கிறது. இல்லாத கரண்டை இது எங்கே கண்டது?

அர்டினோ ஊனோ போர்டு 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரித்து அளக்கிறது. ஒரு படி கிட்டத்தட்ட 4.9 மில்லி வோல்ட். நமது கிளாம்பும் 33 ஓம் ரெசிஸ்டரும் சேர்ந்து ஓர் ஆம்பியருக்குத் தருவதே 16.5 மில்லி வோல்ட்தான். 60 வாட் சீலிங் ஃபேன் ஓடினால் வரும் அலையின் உச்சி ஏறக்குறைய 6 மில்லி வோல்ட். அதாவது ஒரு படியும் கொஞ்சமும். காய்கறிக்கடைத் தராசில் மூக்குத்தியை நிறுப்பது போல! இதில் இயல்பாகவே இருக்கும் நடுக்கம் இரண்டரை மில்லி வோல்ட் இருந்தாலே கருவி அதை 35 வாட் என்று கணக்கிட்டுவிடும்.

"அப்படியானால் எப்போதும் 35-ஐக் கழித்துவிட்டால் போயிற்று" என்று தோன்றும். கழிக்கக் கூடாது. ஆர்.எம்.எஸ். கணக்கில் நடுக்கம் நேராகக் கூடுவதில்லை, வர்க்கங்களாகத்தான் கூடுகிறது. 100 வாட் ஓடும்போது இந்த 35 வாட் நடுக்கத்தால் ரீடிங் 106 ஆகும், 135 ஆகாது. 1250 வாட் ஓடும்போது அரை வாட்தான் கூடும். எல்லா ரீடிங்கிலும் 35-ஐக் கழித்தால் சரியான ரீடிங்கையும் கெடுத்ததாகிவிடும். புரோகிராமில் கழிக்கத்தான் வேண்டும் என்றால் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுங்கள்.

குறிப்பிட்ட வாட்டுக்குக் கீழே போனால் பூஜ்யம் என்று எழுதிவிடுவோரும் உண்டு. மோடம், டிவி ஸ்டாண்ட்-பை போன்ற சில்லறைச் செலவுகள் அதில் காணாமல் போகும். அவை சிறிதாக இருந்தாலும் 24 மணி நேரமும் ஓடுபவை. 35 வாட் 60 நாள் ஓடினால் 50 யூனிட். அதைவிட எஸ்.சி.டி. 013-030 கிளாம்புக்கு மாறலாம். அது 30 ஆம்பியருக்கு 1 வோல்ட் தரும், ரெசிஸ்டர் உள்ளேயே இருக்கிறது, தனியாகப் போட வேண்டியதில்லை. சிக்னல் இரு மடங்கு கிடைக்கும். ஒற்றை பேஸ் வீடுகளுக்கு 30 ஆம்பியர் பெரும்பாலும் போதும்.

சோதனை இரண்டு: தண்ணீர் கெட்டில்

இப்போது எலக்ட்ரிக் கெட்டிலில் தண்ணீர் ஊற்றி அதை மட்டும் போடுங்கள். அயன் பாக்ஸ் வேண்டாம், அது நடுநடுவே தானாக நின்று நின்று ஓடும். கெட்டிலின் அடியில் 1500 வாட் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஈ.பி. விளக்கின் பத்து இடைவெளிக்கு 9 விநாடி ஆகிறது. கணக்கிட்டால் 1250 வாட். உங்கள் கருவி 1369 என்கிறது. மூன்றும் மூன்று மாதிரி. யாரை நம்புவது?

ஈ.பி. மீட்டரைத்தான். 1500 வாட் என்பது 230 வோல்ட் வரும்போது. உங்கள் தெருவில் அந்த நேரம் 210 வோல்ட்தான் வந்தது என்றால் அதே கெட்டில் 1250 வாட்தான் இழுக்கும். உங்கள் கருவிக்கு வோல்டேஜ் குறைந்தது தெரியாது. ஆம்பியரை அளந்து, வழக்கம்போல 230-ஆல் பெருக்கி, 9.5 சதவீதம் கூடுதலாகச் சொல்கிறது. இரவு 8 மணிக்கும் விடிகாலை 4 மணிக்கும் வோல்டேஜ் ஒன்றாக இருப்பதில்லை. கேலிப்ரேஷன் எண்ணை ராத்திரி சரி செய்தால் காலையில் தப்பாவதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு, அது கம்ப்யூட்டர்க்காரர்களுக்கே உரியது. அர்டினோ தன் 1024 படிகளையும் தனக்கு வரும் சப்ளை வோல்டேஜை வைத்துத்தான் பிரிக்கிறது. நீளமான கேபிளிலோ யூ.எஸ்.பி. ஹப்பிலோ மாட்டினால் 5 வோல்ட் 4.7 ஆகக் குறையலாம். உடனே எல்லா ரீடிங்கும் 6 சதவீதம் கூடும். கம்ப்யூட்டரில் மாட்டி கேலிப்ரேட் செய்துவிட்டு, பிறகு செல்போன் சார்ஜரில் மாட்டி மெயின் போர்டு பக்கத்தில் வைத்துவிட்டால் பழைய எண் செல்லாது. எந்த சப்ளையில் நிரந்தரமாக ஓடப்போகிறதோ அதிலேயே வைத்து கேலிப்ரேட் செய்யுங்கள்.

சோதனை மூன்று: கம்ப்யூட்டர்

கெட்டிலை நிறுத்திவிட்டு கம்ப்யூட்டரையும் மானிட்டரையும் மட்டும் ஓடவிடுங்கள். ஈ.பி. விளக்கு பதினொன்றேகால் விநாடிக்கு ஒரு முறை சிமிட்டுகிறது. அதாவது 100 வாட். உங்கள் கருவி 160 காட்டுகிறது. கெட்டிலுக்குச் சரியாகக் காட்டிய கருவி இங்கே ஏன் இவ்வளவு விலகுகிறது?

கெட்டில், வோல்டேஜ் அலையோடு கூடவே ஏறி இறங்கி மின்னோட்டத்தை இழுக்கிறது. கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ். அப்படி இல்லை. அலையின் உச்சியில் மட்டும் சட்டென்று ஒரு வாய் இழுத்துவிட்டுச் சும்மா இருக்கும். ஆம்பியரையும் வோல்டேஜையும் தனித்தனியே அளந்து பெருக்கினால் வருவது வோல்ட்-ஆம்பியர். உண்மையில் செலவாகும் வாட் அதைவிடக் குறைவு. இரண்டுக்கும் உள்ள விகிதம்தான் கல்லூரியில் மனப்பாடம் செய்த பவர் ஃபேக்டர். பழைய, மலிவான எஸ்.எம்.பி.எஸ்.களில் இது 0.6 அளவுக்கு இறங்கும். சின்ன எல்.இ.டி. பல்புகளிலும் இதே கதைதான். ஈ.பி. மீட்டர் வீடுகளுக்குக் கணக்கிடுவது உண்மையான வாட்டை மட்டுமே.

ஆகவே, புதுக் கம்ப்யூட்டரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் முன் அந்த 160-ஐ 100 என்று திருத்திக்கொள்ளுங்கள். நாளுக்கு 4 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 24 யூனிட். 160 என்று கணக்கிட்டால் 38 யூனிட் வரும், வீட்டில் சண்டையும் வரும்.

இந்தப் பிழையை எந்த கேலிப்ரேஷன் எண்ணாலும் சரி செய்ய முடியாது. கம்ப்யூட்டருக்குச் சரி செய்தால் கெட்டிலுக்குத் தப்பாகும். வோல்டேஜையும் சேர்த்து, ஒவ்வொரு கணத்திலும் இரண்டையும் பெருக்கிச் சராசரி எடுப்பதுதான் வழி. 9 வோல்ட் ஏ.சி. தரும் பழைய மாடல் டிரான்ஸ்பார்மர் அடாப்டரை இதற்குப் பயன்படுத்தலாம். டி.சி. அடாப்டர் உதவாது. அல்லது பி.இசட்.இ.எம். 004-டி என்ற ரெடிமேட் மாட்யூல் வாங்கிவிடலாம். வோல்டேஜ், ஆம்பியர், வாட், யூனிட் எல்லாவற்றையும் தானே அளந்து அர்டினோவுக்கு அனுப்பும். 230 வோல்ட் வயர் நேரடியாக அதில் ஏறும் என்பதால் மூடிய பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் நல்லது. முதல் சோதனையின் 35 வாட் பிரச்சினையும், இரண்டாவதின் 210 வோல்ட் பிரச்சினையும் இதிலேயே பெருமளவு ஓய்ந்துவிடும்.

வாட் சரி, யூனிட் மட்டும் தப்பு

மூன்று சோதனையிலும் வாட் ஒத்துப்போகிறது. ஆனால் நாள் முடிவில் யூனிட் குறைகிறது. இப்போது சென்சாரைச் சந்தேகிக்காதீர்கள். பிழை புரோகிராமில் இருக்கிறது. தினமும் இந்த மாதிரி பிழைகளைத் தேடிப் பிழைப்பு நடத்துகிறவன் என்பதால் இந்தப் பகுதியில் கொஞ்சம் அதிகம் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பல புரோகிராம்களில் அளப்பது, காட்டுவது, ஒரு விநாடி காத்திருப்பது என்று ஒரு சுற்று ஓடும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு விநாடிக்கான செலவைக் கூட்டுவார்கள். ஆனால் அளக்கவும் கம்ப்யூட்டருக்கு அனுப்பவும் 0.2 விநாடி ஆனால் ஒரு சுற்று 1.2 விநாடி. ஆறில் ஒரு பங்கு நேரம் கணக்கிலேயே வராது. 17 சதவீதம் குறையும். 'மில்லிஸ்' என்ற கடிகாரத்தைப் படித்து உண்மையில் எவ்வளவு நேரம் ஆனது என்று பெருக்க வேண்டும். அந்தக் கடிகாரம் 49 நாள் 17 மணி நேரத்தில் மீண்டும் பூஜ்யத்துக்குப் போய்விடும். இரண்டு மாத பில்லுக்குள் ஒருமுறை நடக்கும்! நேரத்தை 'அன்சைன்ட் லாங்' வகையில் வைத்து, புதியதிலிருந்து பழையதைக் கழித்தால் இதனால் தொல்லை இல்லை. சாதாரண 'இன்ட்' வகையில் வைத்தால் ஊனோவில் 33 விநாடிக்குள்ளேயே கணக்கு குழம்பிவிடும்.

இதைவிட மறைவான ஒன்று. யூனிட்டை 'ஃப்ளோட்' வகையில் கூட்டிக்கொண்டே போவது. அந்த வகை ஏறக்குறைய ஏழு இலக்கம்தான் நினைவில் வைக்கும். 100 வாட் ஒரு விநாடி ஓடினால் செலவு 0.0000278 யூனிட். மொத்தம் 512 யூனிட்டைத் தாண்டிய பிறகு இவ்வளவு சின்ன எண்ணைக் கூட்டினால் ஃப்ளோட் அதை அப்படியே விழுங்கிவிடும். விநாடிக்கு ஒருமுறை கூட்டும் கருவியில், வீடு 110 வாட்டுக்குக் கீழே இழுக்கும் நேரமெல்லாம் யூனிட் நின்ற இடத்திலேயே நிற்கும். பில் எகிறும் எல்லையில்தான் கணக்கு நிற்கிறது என்பதைக் கவனித்தீர்களா? வாட்-விநாடியாக முழு எண்ணில் சேர்த்து, 3600 சேர்ந்ததும் ஒரு வாட்-மணி என்று கூட்டிக்கொண்டால் போதும்.

ரீடிங் மெதுவாக ஏறி ஏறி இறங்கினால், அளவுகளுக்கு நடுவே 'டிலே 10' என்று இருக்கிறதா பாருங்கள். நமது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அரை அலை சரியாக 10 மில்லி விநாடி. ஒவ்வொரு முறையும் அலையின் ஏறக்குறைய அதே இடத்தையே அளந்துகொண்டிருப்பீர்கள். அந்த டிலேயை எடுத்துவிட்டு, 20 மில்லி விநாடியின் முழு மடங்காக, உதாரணமாக 200 மில்லி விநாடி, நிறுத்தாமல் அளக்கச் சொல்லுங்கள்.

யூனிட் கணக்கை அர்டினோவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் ஸ்லீப் ஆனால் அதில் ஓடும் கணக்கும் தூங்கிவிடும். கரண்ட் போனால் அழியாமல் இருக்க ஈப்ராமில் எழுதலாம். ஆனால் விநாடிக்கு ஒருமுறை எழுதாதீர்கள். ஒரே இடத்தில் ஒரு லட்சம் முறை எழுதத்தான் அதற்கு உத்தரவாதம், 28 மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும். ஒரு யூனிட்டின் பத்தில் ஒரு பங்கு சேரும்போதெல்லாம் எழுதினால் வருடக்கணக்கில் தாங்கும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு ஞாயிறு காலை ஈ.பி. மீட்டர் ரீடிங்கையும் உங்கள் கருவியின் ரீடிங்கையும் ஒரே நேரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஞாயிறு அதே நேரத்தில் மீண்டும். ஒரு வார வித்தியாசத்தை ஒப்பிட்டு, மிச்சமிருக்கும் விகிதத்துக்கு இப்போது கேலிப்ரேஷன் எண்ணை மாற்றலாம். அடுத்த வாரமும் ஒப்பிட்டுப் பாருங்கள். 3 சதவீதத்துக்குள் வந்தால் வீட்டில் செய்த கருவிக்கு அது நல்ல அளவு. 500 யூனிட்டில் அந்த 3 சதவீதம் 15 யூனிட் என்பதால், திரையில் 485 வந்ததுமே ஏ.சி. ரிமோட்டை எடுத்து ஒளித்துவையுங்கள்.